பழைய வேனிலிருந்து டிரெய்லர்: அமைப்பும் பாரச் சமநிலையும்

கருவிகளையும் நூல்களையும் வண்டியிலேற்றி ஊர் ஊராகக் கொண்டு செல்லும் வழக்கம் நம் நாட்டிற்குப் புதியதன்று. 1931-ஆம் ஆண்டில் மன்னார்குடிப் பகுதியில் புத்தகங்களைச் சுமந்துகொண்டு ஒரு மாட்டுவண்டி கிராமங்களுக்குச் சென்று வந்தது. 1965-இல் கல்கத்தாவின் பிர்லா தொழில்நுட்பக் காட்சிசாலை, விஞ்ஞானக் காட்சிப் பொருள்களைப் பேருந்தில் அமைத்துப் பள்ளிகளுக்கு அனுப்பத் தொடங்கிற்று. சித்தூர் மாவட்டத்துக் குப்பத்தில் அகஸ்தியா அறக்கட்டளையினர் சிறு சோதனைச் சாலைகளையே வேன்களில் ஏற்றிக் கிராமப் பள்ளிகளுக்கு அனுப்பி வருகின்றனர். திருப்பதியில் 1993 முதல் வட்டார விஞ்ஞான மையம் இயங்கி வருகிறது. ஆயினும் பலமனேருக்கு அப்பாலுள்ள ஒரு சிற்றூர்ப் பள்ளியின் மாணவன் தன் கையால் ஒரு லென்சைத் தொட்டுப் பார்க்க வேண்டுமாயின், திருப்பதிக்கு அவன் போவதைவிட லென்சு அவனிடம் வருவதே எளிது.

இப்பணியை மேற்கொள்ள விரும்புவோர் முதலில் நாடுவது பழைய வேன் ஒன்றையே. எஞ்சின் தேய்ந்துவிட்டது, உடலோ இன்னும் உறுதியாக உள்ளது. எஞ்சினைக் கழற்றிவிட்டு, உடலை மட்டும் ஒரு ஜீப்பின் பின்னே கட்டி இழுத்தால் என்ன என்ற எண்ணம் இயல்பாகவே எழும். இதில் ஒரு வசதியும் உண்டு. டிரெய்லரை ஒரு பள்ளியில் ஒரு வாரம் நிறுத்திவிட்டு, ஜீப்பை வேறு வேலைக்குக் கொண்டு போகலாம். எண்ணம் நல்லதே. ஆனால் இழுக்கப்படும் வண்டி, ஓட்டப்படும் வண்டியைப் போன்றதன்று. அதன் பாரத்தை ஒரு சாண் பின்னே தள்ளி வைத்தால் போதும், சமவெளிச் சாலையிலும் அது இழுக்கும் வண்டியையும் சேர்த்துப் புரட்டிவிடக் கூடும். ஆகவே இப்பாடத்தில் வெட்டுதலையும் ஒட்டுதலையும்விடப் பாரத்தைப் பற்றியே மிகுதியாகக் கூறப்போகிறோம்.

சட்டம் கூறுவது

இரும்பில் ரம்பத்தை வைக்குமுன் பதிவுச் சான்றிதழை எடுத்துப் பார்க்க வேண்டும். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனமே. அதற்கென்று தனிப் பதிவு இன்றிப் பொதுச்சாலையில் அதை இழுத்துச் செல்லலாகாது. மேலும், உற்பத்தியாளர் குறித்த அமைப்பிற்கு மாறாக ஒரு வண்டியை மாற்றுவதை அச்சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. ஆதலால், வேனின் பதிவை வைத்துக்கொண்டே அதை டிரெய்லராக ஓட்டுவது என்பது நடவாத காரியம். வேன் நிரந்தரமாக உபயோகமற்றதாகிவிட்டது என்று 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்கு அறிவித்துச் சான்றிதழை ஒப்படைக்க வேண்டும் என்பது 55-ஆம் பிரிவு. அதன் பின்னர்ப் புதிய டிரெய்லராக அது பதிவுபெறுமா என்பதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வரைபடத்தைக் காட்டி எழுத்து மூலம் கேட்டறிதல் வேண்டும். கேட்பது வேலை தொடங்குமுன் இருக்க வேண்டும். முடிந்த பின்னர்க் கேட்டுக் கண்ணீர் விடுவதில் பயனில்லை.

அரசாங்க அலுவலகங்களில் பணிபுரியும் களப்பணியாளர் மற்றொன்றையும் அறிதல் வேண்டும். 2023 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து, மத்திய மாநில அரசுகளுக்கும் அவற்றின் நிறுவனங்களுக்கும் உரிய வண்டிகள் 15 ஆண்டுகளைக் கடந்தால் அவற்றின் பதிவு புதுப்பிக்கப்படுவதில்லை. அவற்றைப் பதிவுபெற்ற உடைப்பு நிலையத்திற்கே ஒப்படைக்க வேண்டும். எனவே அலுவலகக் கொட்டகையில் நிற்கும் பழைய அரசாங்க வேனைக் கண்டு ஆசை கொள்வது வீண். தனியார் பள்ளி, அறக்கட்டளை ஆகியோருக்குச் சொந்தமான வேனே நம் பாடத்திற்கு உரியது. சாலை அனுமதி கிடைக்காவிடினும், பள்ளி வளாகத்திற்குள் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நகர்த்தக்கூடிய சோதனைச் சாலையாக அது பயன்படும். அதற்கும் கீழே கூறும் பார விதிகள் யாவும் பொருந்தும்.

எந்த வேன் ஏற்றது

பின் அச்சில் வெறும் சக்கரங்களே உள்ள வண்டி மிகவும் வசதியானது. முன்னாளில் பெயர்பெற்ற மேட்டடார் வேனில் முன்சக்கரங்களே வண்டியை இழுத்தன. பின் அச்சு பாரத்தைத் தாங்குவதோடு சரி. இன்று மிகுதியாகக் கிடைப்பது, 1984 முதல் 2019 வரை உற்பத்தியான மாருதி வேன் அல்லது ஆம்னி. அதில் எஞ்சின் முன் இருக்கைக்கு அடியில் உள்ளது. சக்தி நீண்ட தண்டின் வழியாகப் பின் அச்சுக்குச் செல்லுகிறது. அந்தத் தண்டைக் கழற்றிவிட வேண்டும். ஆனால் பின் அச்சின் நடுவிலுள்ள பற்சக்கரப் பெட்டியில் எண்ணெயை வடித்துவிடலாகாது. சக்கரங்கள் சுழலும்போது உள்ளேயிருக்கும் பற்சக்கரங்களும் பேரிங்குகளும் சுழன்றுகொண்டேயிருக்கும். எண்ணெயின்றி அவை சில மைல்களிலேயே இறுகிப்போகும். தண்டு பொருந்தியிருந்த முகப்பைத் தகட்டால் மூடிப் புழுதி புகாமல் காத்தல் வேண்டும்.

இத்தகைய வேனுக்குப் பாரவண்டிகளில் காணப்படும் தனிச் சட்டம் கிடையாது. தரை, பக்கச் சுவர், கூரை ஆகிய தகடுகள் ஒன்றோடொன்று பற்றிக்கொண்டு ஒரு பெட்டிபோல் நின்றே உறுதி தருகின்றன. மூடிய தீப்பெட்டியை முறுக்கிப் பாருங்கள்; பின் ஒரு முனையைக் கிழித்துவிட்டு முறுக்கிப் பாருங்கள். முன் இருக்கைக்குப் பின்னால் வேனை வெட்டியதும் நிகழ்வது அதுவே. ஆகவே வெட்டிய வாயைச் சுற்றிச் சதுர எஃகுக் குழாயால் ஒரு வளையம் அமைத்து, அதன்மேல் தகடு மூடிப் பற்றவைக்க வேண்டும். இழுகோலை அந்த வாயின் விளிம்போடு பற்றவைத்து நிறுத்திவிடுவது பலரும் செய்யும் பெரும் பிழை. இழுவிசை மெல்லிய தரைத்தகட்டில் இறங்கினால் துருப்பிடித்த இடத்தில் அது கிழிந்துவிடும். இழுகோலின் இரு கைகளும் ஏர்க்காலைப்போல் முன்னே கூடி, பின்னே விரிந்து, தரைக்கு அடியிலேயே ஓடி, பட்டை ஸ்பிரிங்குகளின் முன் தாங்கியையும் பின் தாங்கியையும் எட்ட வேண்டும். அப்போதுதான் இழுவிசை நேராக அச்சுக்குச் செல்லும்.

வெட்டுவதற்கு முன் பெட்ரோல் தொட்டி, எரிவாயு உருளை இருப்பின் அது, எரிபொருட் குழாய்கள், பாட்டரி ஆகிய அனைத்தையும் அகற்றி வெகுதூரம் கொண்டுபோய் வைக்க வேண்டும். தொட்டி காலிதானே என்று எண்ணுவது கூடாது. நிறைந்த தொட்டியைவிட வெறுந்தொட்டியே அபாயமானது. அதில் தங்கிய பெட்ரோல் ஆவி காற்றோடு கலந்து வெடிக்கும் பக்குவத்தில் இருக்கும்.

முன்பாரமும் பின்பாரமும்

மாட்டுவண்டி ஓட்டியவர்கள் இப்பொருளை ஏட்டில் படியாமலே நன்கு அறிந்திருந்தனர். நெல் மூட்டைகளை அடுக்குகையில் “முன்பாரம்” மிகுந்தால் காளைகளின் கழுத்து புண்ணாகும். “பின்பாரம்” மிகுந்தால் நுகத்தடி மேலே தூக்கிக் காளைகளின் கழுத்தை இறுக்கும். ஆதலின் சிறிதளவே முன்பாரம் இருக்குமாறு மூட்டைகளை வைத்தனர். மோட்டார் டிரெய்லருக்கும் விதி அதுவே. காளையின் கழுத்திருந்த இடத்தில் ஜீப்பின் கொக்கி இருக்கிறது.

கொக்கியின்மேல் விழும் பாரம், டிரெய்லரின் மொத்த எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காக இருத்தல் நலம். இது அமெரிக்காவில் வழங்கும் அளவு. ஐரோப்பாவில் இதனினும் குறைவாகக் கொள்வர். எப்படியாயினும், இழுக்கும் வண்டியின் கொக்கி தாங்கக்கூடிய அளவைக் கடத்தல் கூடாது.

ஒரு கணக்கைக் காண்போம். டிரெய்லரின் மொத்த எடை 600 கிலோகிராம் எனவும், அச்சிலிருந்து கொக்கி வரை உள்ள தூரம் 2.8 மீட்டர் எனவும் கொள்வோம். கொக்கியில் 60 கிலோகிராம் விழ வேண்டுமாயின் பாரமையம் அச்சுக்கு எவ்வளவு முன்னே இருக்க வேண்டும்? நெம்புகோல் விதிப்படி 60-ஐ 2.8-ஆல் பெருக்கி 600-ஆல் வகுத்தால் 0.28 மீட்டர் வருகிறது. அதாவது, ஒரு சாணுக்குச் சற்றே மிகுதியான தூரம். அவ்வளவுதான் நம் கையிலுள்ள இடைவெளி.

இப்போது, பள்ளிக்கு வந்து சேர்ந்த ஆசிரியர் பாட்டரிகளும் இரும்புத் தாங்கிகளும் கொண்ட 80 கிலோகிராம் பெட்டி ஒன்றை, அச்சுக்கு 0.9 மீட்டர் முன்னே இருந்த இடத்திலிருந்து எடுத்து, இறக்குவதற்கு வசதியாக இருக்கட்டும் என்று பின்கதவின் அருகே, அச்சுக்கு 1.5 மீட்டர் பின்னே வைத்துவிட்டார் என்போம். பெட்டி பின்னே நகர்ந்த தூரம் 2.4 மீட்டர். 80-ஐ 2.4-ஆல் பெருக்கி 2.8-ஆல் வகுத்தால் சுமார் 69 கிலோகிராம். கொக்கியிலிருந்து அவ்வளவு பாரம் குறைந்துவிடும். முன்பு இருந்ததோ 60 கிலோகிராமே! இப்போது கொக்கி கீழே அழுந்துவதற்குப் பதிலாக 9 கிலோகிராம் அளவிற்கு மேல்நோக்கித் தூக்குகிறது. பாரமையம் அச்சுக்கு 4 சென்டிமீட்டர் பின்னே போய்விட்டது. வண்டியின் மொத்த எடையில் ஒரு கிராம்கூடக் கூடவில்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எந்த வேறுபாடும் தோன்றாது. ஆனால் வண்டி வேறு வண்டியாகிவிட்டது.

காரணம் இது. சாலையின் பள்ளமோ, எதிரே விரைந்து வரும் லாரியின் காற்றோ டிரெய்லரைப் பக்கவாட்டில் ஒருமுறை அசைக்கிறது. சக்கரங்கள் தரையைப் பற்றியிருப்பதால் அதனைத் திரும்ப நேர்ப்படுத்த முயல்கின்றன. பாரமையம் அச்சுக்கு முன்னே இருப்பின் ஒவ்வோர் அசைவும் முந்தியதைவிடச் சிறிதாகி அடங்கிவிடும். பின்னே இருப்பின், அசைவு அடங்குவதற்குப் பதிலாக வளரும். வேகம் கூடக் கூட இந்த அடக்கும் தன்மை குறைந்துகொண்டே வந்து, ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியதும் முற்றிலும் மறைந்துபோகும். 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒழுங்காக வந்த டிரெய்லர் 65-இல் திடீரென வால் வீசுவது இதனால்தான். வாலாட்டம் தொடங்கியதும் ஓட்டுநர் செய்யத்தக்கது ஒன்றே: ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து வேகத்தைத் தணிய விடுதல். எதிர்த்துத் திருப்புவதும், பிரேக்கைச் சடக்கென மிதிப்பதும், வேகத்தைக் கூட்டி இழுத்து நேராக்க முயல்வதும் ஆபத்தை மிகுவிக்கும்.

ஆசிரியர் இதனை வகுப்பில் எளிதில் காட்டலாம். இரு சக்கரங்கள் கொண்ட சிறு மர வண்டியொன்றைச் செய்து, குறுகிய குச்சியாலும் ஆணியாலும் ஒரு கனமான பொம்மை வண்டியின் பின்னே, தடையின்றித் திரும்புமாறு பொருத்துங்கள். பள்ளித் தாழ்வாரத்தில் அதை விரைவாக இழுத்து வரச் சொல்லுங்கள். களிமண் உருண்டையை முதலில் அச்சுக்கு முன்னும், பின்னர் அச்சுக்குப் பின்னும் வைத்து, ஒவ்வொரு முறையும் விரலால் பக்கத்தில் சிறிது தட்டிவிடுங்கள். நுங்கு வண்டி ஓட்டிப் பழகிய சிறுவர்களுக்கு இதன் பொருளை விளக்கிச் சொல்லவும் வேண்டியதில்லை.

கொக்கிப் பாரத்தை அளப்பதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. டிரெய்லரைச் சமதரையில் நிறுத்திச் சக்கரங்களுக்கு இருபுறமும் கல் வைத்து, இழுகோலின் முனையை ஒரு மரக்கட்டையின் வழியாக மேடைத் தராசின்மேல் இறக்குங்கள். கட்டையின் உயரமும் தராசின் உயரமும் சேர்ந்து ஜீப்பின் கொக்கி உயரத்திற்குச் சமமாக இருத்தல் அவசியம். தராசு தாங்காது என்று அஞ்சினால், உறுதியான பலகையொன்றின் ஒரு முனையைச் செங்கல்லிலும், அம்முனையிலிருந்து 90 சென்டிமீட்டர் தள்ளி மறுபுறத்தைத் தராசிலும் தாங்கச் செய்து, செங்கல்லிலிருந்து 30 சென்டிமீட்டரில் இழுகோலை இறக்கலாம். தராசு காட்டும் எடையில், வெறும் பலகைக்குக் காட்டியதைக் கழித்து, மூன்றால் பெருக்கினால் கொக்கிப் பாரம் கிடைக்கும். மொத்த எடைக்கு எடைமேடையை நாடுக. சித்தூர்ப் பகுதியில் மாம்பழக்கூழ் ஆலைகளுக்குக் காய் வரும் பருவத்தில் எடைமேடைகளுக்குக் குறைவில்லை. வரிசையில் காத்து நிற்கும் பொறுமை மட்டும் வேண்டும். ஆனால் அம்மேடைகள் ஐந்து, பத்துக் கிலோகிராம் படிகளிலேயே எடை காட்டுவன. கொக்கிப் பாரத்திற்கு அவற்றை நம்புவது சரியன்று.

எடையைக் கண்ட பின், ஒவ்வொரு பெட்டியும் வைக்க வேண்டிய இடத்தைத் தரையில் வண்ணம் தீட்டி எண்ணிட்டு, பெட்டிகளை வாரால் கட்டுவதற்கு வளையங்கள் பொருத்துக. வண்டியில் அமைக்கும் மரத்தட்டுகளில் கனமானவை அடித்தட்டிலேயே இருக்கட்டும். பயணத்தின்போது டிரெய்லருக்குள் எவரும், குறிப்பாக மாணவர்கள், ஏறியிருத்தல் ஒருபோதும் கூடாது.

பிரேக்கும் மலைப்பாதையும்

பலமனேர் கடல்மட்டத்திற்கு மேல் சுமார் 680 மீட்டர் உயரத்திலும், சித்தூர் சுமார் 330 மீட்டரிலும் உள்ளன. இடையே மொகிலி கணவாய். மேலிருந்து கீழே வரும் நம் 600 கிலோகிராம் டிரெய்லர் இழக்கும் நிலைச்சக்தி, 600-ஐ 9.8-ஆலும் 350-ஆலும் பெருக்க, 20 லட்சம் ஜூலுக்குச் சற்று மேல். ஒரு பகுதி காற்றிலும் டயரின் உராய்விலும் கழியும். மீதி பிரேக்குகளில் வெப்பமாக மாற வேண்டும். முழுதும் வெப்பமானால் 7 லிட்டர் தண்ணீரை 30 பாகையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது அது. டிரெய்லருக்குப் பிரேக்கு இல்லையெனில் இச்சுமையும் ஜீப்பின் பிரேக்குகளின் தலையிலேயே விழும். திருமலைக்கு 1944-இலும் 1974-இலும் திறக்கப்பெற்ற இரு மலைப்பாதைகளில் வண்டி ஓட்டியோர், காய்ந்த பிரேக்கின் கருகல் நாற்றத்தை அறிவர். மிதி ஆழமாக இறங்கியும் வண்டி நிற்காமற்போகும் நிலைக்கு முந்திய எச்சரிக்கை அந்நாற்றமே. இறக்கத்தில் தாழ்ந்த கியரில் எஞ்சினைக் கொண்டு வேகத்தைத் தடுப்பதே முறை.

ஐரோப்பிய நாடுகளில் 750 கிலோகிராம் வரையுள்ள சிறு டிரெய்லர்களுக்குப் பிரேக்கு கட்டாயமன்று. நம் டிரெய்லர் அவ்வளவிற்கு உட்பட்டதாயினும், பழைய வேனின் பின் அச்சில் டிரம் பிரேக்குகள் ஏற்கெனவே இருப்பதால் அவற்றைக் கைவிடுவது அறியாமை. கைப்பிரேக்குக் கம்பி அந்த டிரம்களையே இயக்குகிறது. இழுகோலின் முனையில் முன்னும் பின்னும் சிறிது நகரக்கூடிய கொக்கித் தலையை அமைத்து அக்கம்பியை ஒரு நெம்புகோலால் அதனுடன் இணைத்தால், ஜீப் வேகம் குறைக்கும்போது டிரெய்லர் முன்னே முட்டும். முட்டும் விசையே கம்பியை இழுத்துப் பிரேக்கைப் பிடிக்கும். மிகக் கெட்டிக்கார ஏற்பாடு. ஒரு குறை மட்டும் உண்டு: ஜீப்பைப் பின்னோக்கிச் செலுத்தும்போதும் அதே விசை தோன்றிப் பிரேக்கு பிடித்துக்கொள்ளும். அதற்காக, நகரும் தலையைத் தற்காலிகமாகப் பூட்டும் முளையொன்று வேண்டும். முளையை மறவாமல் எடுத்துவிடுவது ஓட்டுநரின் கடமை.

கொக்கி கழன்றுவிட்டால் என் செய்வது? இரண்டு எஃகுச் சங்கிலிகளை இழுகோலுக்கு அடியில் குறுக்காக மாற்றிக் கட்டுக. கொக்கி விழுந்தாலும் இழுகோல் அச்சங்கிலித் தொட்டிலில் தங்கும். மண்ணில் குத்தி வண்டியைக் குட்டிக்கரணம் போடச் செய்யாது. மேலும், கைப்பிரேக்கை இழுத்துவிடும் மெல்லிய கம்பி ஒன்றை ஜீப்போடு கட்டுவதும் வழக்கம். ஜீப்பில் கொக்கியைப் பம்பரில் பொருத்துவோரைக் கண்டிருக்கிறோம். பம்பர் அழகிற்கும் சிறு இடிகளுக்கும் ஏற்பட்டது. கொக்கி சட்டத்தோடு போல்ட்டால் இணைக்கப்பட வேண்டும்.

விளக்குகளைப் பற்றிச் சுருக்கமாகக் கூறினால் போதும். பின்விளக்கு, பிரேக்கு விளக்கு, இருபுறத் திருப்ப விளக்குகள், எண்பலகை விளக்கு, சிவப்புப் பிரதிபலிப்பான்கள் ஆகியவை வேண்டும். மின்சாரம் திரும்பும் பாதைக்குக் கொக்கியை நம்பாமல் தனிக் கம்பி விடுக. மசகு பூசிய கொக்கியின் வழியே மின்சாரம் செல்வதும் உண்டு, செல்லாததும் உண்டு. டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். 2319 என்றிருந்தால் அது 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. ஆழமாகப் பட்டறை தோன்றினும், வெயிலில் ஆண்டுக்கணக்கில் நின்ற டயரின் ரப்பர் வெடித்திருக்கும், அதை மாற்றிவிடுக.

முதல் ஓட்டத்தை வெறும் டிரெய்லருடன் தொடங்குக. ஐந்து கிலோமீட்டர் சென்றதும் நிறுத்தி, புறங்கையைச் சக்கரக் குடத்தின் அருகே கொண்டு சென்று வெப்பத்தை உணர்க. ஒரு குடம் மற்றதைவிட மிகச் சூடாயிருப்பின் பிரேக்கு விடுபடாமல் உராய்கிறது, அல்லது பேரிங்கு இறுகியுள்ளது. சக்கர நட்டுகளை மீண்டும் முடுக்கி, பற்றவைத்த இடங்களில் மயிரிழை வெடிப்பு உண்டா என்று சுண்ணாம்புக்கட்டியால் தேய்த்துப் பார்த்த பின்னரே கருவிகளை ஏற்றலாம். ஏற்றியதும் மறுபடியும் தராசைக் கொண்டுவருக.